மிட்வெஸ்ட்ல முதல் சம்மரா? மேப்பை முதல்ல மனப்பாடம் பண்ணுங்க

நாங்க அமெரிக்காவோட நடுவுல இருக்கற மிட்வெஸ்ட் பகுதில, இல்லினாய்ஸ் மாநிலத்து ப்ளூமிங்டனுக்கு குடி வந்த முதல் ஜூன்ல ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு போன் அலறுச்சு. எழுந்து பாத்தா டோர்னடோ (தரையைத் தொட்டு சுழல்ற சூறாவளி) வார்னிங்னு இருக்கு, டிவிய போட்டா ஒருத்தர் மேப் முன்னாடி நின்னு ஸ்டான்ஃபோர்டு, டான்வர்ஸ், கார்லாக்னு ஊர் பேரா அடுக்கிட்டே போறார், மணிக்கு 45 மைல் வேகம், வடகிழக்கு பக்கமா நகருதுங்கறார். அவர் பேசின இங்கிலீஷ் எனக்கு நல்லாவே புரிஞ்சுது. அந்த ஊரெல்லாம் எங்க இருக்கு, என் வீட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, அதுதான் தெரியல. போன்ல மேப்பை திறந்து நாலு நிமிஷம் தேடிட்டு இருந்தேன், பிள்ளைங்க மாடில தூங்கிட்டு இருந்தாங்க. அந்த நாலு நிமிஷமும் நாங்க எல்லாரும் பேஸ்மென்ட்ல இருந்திருக்கணும். அன்னிக்கு அது எங்களுக்கு வடக்கால போயிடுச்சு.

நம்ம ஊர்ல புயல்னா வர்தா, கஜான்னு பேர் வச்சு, வங்கக்கடல்ல சின்னமா இருக்கும்போதே நாலு நாள் முன்னாடியே சொல்லிடுவாங்க, பால் பாக்கெட், மெழுகுவத்தி, மோட்டார் போட்டு டேங்க் ரொப்பறதுன்னு எல்லாத்துக்கும் நேரம் இருக்கும். இங்க டோர்னடோவுக்கு கிடைக்கறது சராசரியா பத்து நிமிஷத்தை ஒட்டிதான், சில சமயம் அதுவும் இல்ல. அதனால வானம் நீலமா இருக்கற ஒரு சனிக்கிழமையிலயே எல்லாத்தையும் செஞ்சு வச்சுடணும். புதுசா வர்றவங்க செய்ய வேண்டியதை நான் செஞ்ச வரிசைல எழுதறேன். நான் இருக்கற மக்லீன் கவுண்டிய (கவுண்டின்னா நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) வச்சு சொல்றேன், நீங்க டெ மாய்ன்ல இருந்தாலும் நேப்பர்வில்ல இருந்தாலும் உங்க ஊர் பேரை போட்டுக்கோங்க.

முதல் வேலை: கவுண்டி பேரும் மேற்க இருக்கற ஊர்களும்

இங்க வானிலை எச்சரிக்கை எல்லாமே கவுண்டி பேர்லயும் சின்ன சின்ன ஊர் பேர்லயும்தான் வரும். நம்மள்ல பாதி பேருக்கு அட்ரஸ்ல ஜிப்கோடு தெரியும், கவுண்டி பேர் கேட்டா தெரியாது. ஒரு பேப்பர்ல உங்க கவுண்டி பேரை பெருசா எழுதி, சுத்தி இருக்கற கவுண்டி பேரையும் எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிடுங்க. எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல மக்லீன் நடுவுல, மேற்க டேஸ்வெல், வடமேற்க வுட்ஃபோர்டு, தென்மேற்க லோகன்.

மேற்கு பக்கத்தை மட்டும் இவ்வளவு அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. இங்க புயல் பெரும்பாலும் மேற்குல இருந்தோ தென்மேற்குல இருந்தோ கிழக்க பாத்து வரும், சம்மர்ல வடமேற்குல இருந்தும் நிறைய வரும். அதனால உங்களுக்கு மேற்க முப்பது நாப்பது மைல்ல இருக்கற ஊர்கள்ல இப்ப என்ன நடக்குதோ அது இன்னும் ஒரு மணி நேரத்துல உங்க வாசலுக்கு வரலாம். பியோரியால காத்து அடிக்குதுன்னா நான் வெளிய காயற துணியை எடுத்துடுவேன், காரை கராஜ்ல விட்டுடுவேன். ஆனா இதையே விதின்னு எடுத்துக்காதீங்க. சிகாகோ பக்கம் பிளெய்ன்ஃபீல்டுல 1990 ஆகஸ்ட் 28ஆம் தேதி அடிச்ச எஃப்5 (பலத்துல உச்சபட்ச படி) டோர்னடோ வடமேற்குல இருந்து தென்கிழக்க போச்சு, 29 பேர் போயிட்டாங்க, அன்னிக்கு அது ஊரை அடிக்கறதுக்கு முன்னாடி டோர்னடோ வார்னிங் எதுவும் வரல. இன்னிக்கு ரேடார் எவ்வளவோ மேல. ஆனா திசைய நம்பி "நமக்கு வராது"ன்னு உக்காந்துடக் கூடாது.

ஒரு ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களை கூட்டிட்டு அந்த மேற்கத்த ஊர்களுக்கு ஒரு டிரைவ் போயிட்டு வாங்க. ரெண்டு பக்கமும் சோளக்காடு, நடுவுல ஒரு தானியக் கிடங்கு, ஒரு சர்ச், ஒரு வாட்டர் டேங்க்ல ஊர் பேர், அவ்வளவுதான் ஊர். ஆனா ஒரு தடவை கண்ணால பாத்துட்டா டிவில அந்தப் பேரை கேட்டவுடனே எவ்வளவு தூரம்னு மனசு தானா கணக்கு போட்டுடும்.

வாட்ச், வார்னிங் வித்தியாசம்

இதை குழப்பிக்கறவங்க ரொம்ப பேர், பல வருஷம் இங்க இருந்தவங்களும். வாட்ச்னா அடை மாவு அரைச்சு வச்சாச்சு, வார்னிங்னா கல்லுல ஊத்தியாச்சு, நான் எங்க அம்மாவுக்கு இப்படித்தான் சொன்னேன். வாட்ச் வந்தா புயல் உருவாக எல்லா சாமானும் வானத்துல ரெடின்னு அர்த்தம், ஒரு பெரிய ஏரியாவுக்கு பல மணி நேரத்துக்கு போடுவாங்க, ஓக்லஹோமா நார்மன்ல இருக்கற ஸ்டார்ம் ப்ரெடிக்‌ஷன் சென்டர் போடறது. வார்னிங் வந்தா இப்பவே நடக்குது இல்ல ரேடார்ல சுழற்சி தெரியுது, உடனே கீழ போங்கன்னு அர்த்தம், அதை நேஷனல் வெதர் சர்வீஸோட லோக்கல் ஆபீஸ் போடும், எங்களுக்கு அது லிங்கன் ஊர்ல இருக்கு. வார்னிங்ல "ரேடார் இண்டிகேட்டட்"னு இருக்கலாம், "கன்ஃபர்ம்டு"னும் இருக்கலாம், ரெண்டுக்குமே பேஸ்மென்ட் போகணும். கன்ஃபர்ம் ஆகட்டும்னு காத்திருக்காதீங்க, ராத்திரி மழைக்குள்ள வர்றதை யாரும் கண்ணால பாக்க முடியாது.

சிவியர் தண்டர்ஸ்டார்ம் வார்னிங்னு இன்னொன்னு வரும், அதை "ஓ வெறும் இடிமழை"ன்னு விட்டுடறாங்க. காத்து மணிக்கு 58 மைல் இல்ல ஆலங்கட்டி ஒரு இன்ச் இருந்தா அதை போடுவாங்க. 80 மைல் காத்து இல்ல பேஸ்பால் சைஸ் ஆலங்கட்டின்னா "டிஸ்ட்ரக்டிவ்"னு போட்டு 2021ல இருந்து போனுக்கே அலறல் அனுப்பறாங்க. அது வந்தா டோர்னடோ மாதிரியே நினைச்சு கீழ போயிடுங்க.

ஏன்னா இங்க சம்மர்ல பெரிய சேதம் பண்றது டோர்னடோ மட்டும் இல்ல, டெரேச்சோ. நூத்துக்கணக்கான மைல் நீளத்துக்கு நேர்கோடா அடிச்சுட்டு போற காத்து. அந்தப் பேரை வச்சதே அயோவால இருந்த குஸ்டாவஸ் ஹின்ரிக்ஸ்ங்கற புரொஃபசர், 1888ல, ஸ்பானிஷ்ல நேரான்னு அர்த்தம். 2020 ஆகஸ்ட் 10ல சவுத் டகோட்டால கிளம்பி ஒஹையோ வரைக்கும் 770 மைல் 14 மணி நேரத்துல போச்சு, அயோவால சீடர் ரேப்பிட்ஸ்ங்கற ஊர் பக்கம் காத்து 140 மைல் இருந்திருக்கும்னு பின்னாடி கணக்கு பண்ணாங்க. அந்த ஊர்ல பாதி மரத்துக்கு மேல போச்சு, சில வீட்டுக்கு ரெண்டு வாரம் கரண்ட் இல்ல. அன்னிக்கு காலைல வந்த ஃபோர்காஸ்ட்ல இவ்வளவு பெருசா வரும்னு இல்ல. அதனால காலைல ஒரு தடவை பாத்துட்டு விட்டுடறது போதாது.

நியூஸ் எப்படி பாக்கறது

என்னோட வழக்கம் இதுதான். காலைல காபியோட ஸ்டார்ம் ப்ரெடிக்‌ஷன் சென்டரோட மேப். அஞ்சு படி இருக்கு: மார்ஜினல், ஸ்லைட், என்ஹான்ஸ்டு, மாடரேட், ஹை. பேர் நம்மள ஏமாத்தும். மாடரேட்னு பாத்துட்டு பரவாயில்லனு நினைச்சுடுவோம், அது அஞ்சுல நாலாவது, வருஷத்துல சில நாள்தான் வரும். அதனால பேரை விட்டுட்டு நம்பரை பாருங்க, 3 இருந்தா சாயங்காலம் வெளியூர் டிரைவ் வேண்டாம். அந்த மேப்பை எங்க நேரத்துக்கு காலைல எட்டு மணி, பதினொன்றரை, மதியம் மூணுன்னு மாத்திட்டே இருப்பாங்க. பதினொன்றரை மணி மேப்பை கண்டிப்பா பாருங்க, லஞ்ச் சாப்பிடும்போது ஒரு நிமிஷம் போதும்.

அதோட டியூ பாயின்ட் பாருங்க, காத்துல எவ்வளவு ஈரம் இருக்குன்னு காட்டற அளவு அது. வெயில் எத்தனை டிகிரிங்கறதை விட இது முக்கியம். 70 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல போச்சுன்னா சென்னை மே மாசம் மாதிரி சட்டை ஒட்டும், ஜூலைல சோளக்காடு முழுக்க ஈரத்தை மூச்சா விடும், அந்த ஈரம்தான் புயலுக்கு தீனி. காலைலயே கசகசன்னு இருந்து, தெற்கு காத்து நல்லா அடிச்சு, மதியம் வானம் சுத்தமா இருந்தா நான் ஜாக்கிரதையாயிடுவேன்.

புயல் வர்ற நேரத்துக்கு லோக்கல் டிவி ஸ்டேஷன் மட்டும். நேஷனல் சேனல் உங்க தெருவை பத்தி பேசாது. ஒரு சின்ன ஆன்டெனா வாங்கி டிவில மாட்டிடுங்க, மாசக் கட்டணம் இல்ல, இன்டர்நெட் போனாலும் ஓடும், டோர்னடோ வார்னிங் வந்தா ஓடற நிகழ்ச்சிய நிறுத்திட்டு வெதர் சொல்றவர் வந்து நிப்பார், தெரு பேர் வரைக்கும் சொல்வார். அவங்களை சாதாரண நாள்லயும் கொஞ்சம் கேட்டு பழகிக்கோங்க, எப்ப அவங்க குரல் மாறுதுன்னு தெரிய வரும். எல்லாத்துக்கும் சிவப்பு எழுத்துல தம்ப்நெயில் போடற யூடியூப் ஆட்களை விட்டுடுங்க, பழைய வீடியோவை இன்னிக்குதுன்னு சுத்த விடற வாட்ஸ்அப் ஃபார்வேர்டையும்தான். ரேடார் ஆப் வச்சுக்கோங்க, ஆனா அதுல தெரியற படம் அஞ்சு நிமிஷம் பழசா இருக்கலாம், 45 மைல்ல போற புயல் அந்த அஞ்சு நிமிஷத்துல கிட்டத்தட்ட நாலு மைல் வந்திருக்கும், அதை வச்சு "இன்னும் நேரம் இருக்கு"ன்னு கணக்கு போடாதீங்க.

எழுப்பறதுக்கு மூணு வழி

வெளிய அலறுற சைரனை நம்பி தூங்கக் கூடாது. அது வெளிய நிக்கறவங்களுக்கு, ஜன்னல் மூடி ஏசி ஓடற வீட்டுக்குள்ள கேக்கும்னு யாரும் உத்தரவாதம் குடுக்கல. இல்லினாய்ஸ்ல மாசத்தோட முதல் செவ்வாய்க்கிழமை காலைல 10 மணிக்கு சோதனை ஓட்டம் விடுவாங்க, முதல் தடவை கேட்டு பயந்துடாதீங்க. அதை வச்சு உங்க பெட்ரூமுக்குள்ள எவ்வளவு கேக்குதுன்னு பாத்துக்கலாம்.

போன்ல செட்டிங்ஸ் போய் எமர்ஜென்சி அலர்ட் ஆன்ல இருக்கான்னு பாருங்க, ஒரு தடவை ராத்திரி எழுப்பிடுச்சுன்னு கோவத்துல ஆஃப் பண்ணி வச்சவங்களை எனக்கு தெரியும். மூணாவது, என் கணக்குல முக்கியமானது, வெதர் ரேடியோ. பேட்டரிலயும் ஓடும், கவுண்டி கோடு போட்டுட்டா உங்க கவுண்டிக்கு வந்தா மட்டும் கத்தும், டவர் விழுந்து போன் செத்தாலும் அது பேசும். எங்களுது படுக்கைக்கு பக்கத்துல ஒரு ஸ்டூல்ல இருக்கு.

எங்க போய் ஒளியறது

பேஸ்மென்ட் இருந்தா மாடிப்படிக்கு கீழ, ஜன்னல் இல்லாத மூலை. மேல ஃப்ரிட்ஜ், பியானோ மாதிரி கனமான சாமான் இருக்கற இடத்துக்கு நேர் கீழ வேண்டாம். நாங்க அங்க ஒரு பழைய ஜமக்காளம் விரிச்சு வச்சிருக்கோம், ஒரு பை தொங்குது: டார்ச், தண்ணி, விசில், பாஸ்போர்ட்டும் ஐ-94 (அமெரிக்காவுக்குள்ள நுழைஞ்ச பதிவு) காப்பியும் ஜிப் கவர்ல, ஆளுக்கு ஒரு ஜோடி ஷூ. ஷூ ஏன்னா வெறுங்காலோட கீழ ஓடி வந்துடுவோம், திரும்பி ஏறும்போது மேல கண்ணாடித் துண்டு கிடக்கும். ஹெல்மெட்டும் இருக்கு, பையனோட சைக்கிள் ஹெல்மெட், என்னோட கிரிக்கெட் ஹெல்மெட். தலைல விழறதுலதான் நிறைய உயிர் போகுது, இதை கூச்சமில்லாம போட்டுக்கோங்க.

அபார்ட்மென்ட் மூணாவது மாடில இருக்கறவங்க, நம்ம ஆளுங்க முதல் ரெண்டு வருஷம் பெரும்பாலும் அங்கதான், இப்பவே கீழ்வீட்டு ஆளோட பேசி வச்சுக்கோங்க. வார்னிங் வந்தா உங்க பாத்ரூமுக்கு வரலாமான்னு கேளுங்க, யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. இல்லைன்னா தரைத்தளத்துல ஜன்னல் இல்லாத காரிடார். லீசிங் ஆபீஸ்ல ஷெல்ட்டர் எங்கன்னு முதல் வாரமே கேளுங்க, நான் முன்னாடி இருந்த ஒரு இடத்துல கேட்டதுக்கு அவங்களுக்கே தெரியல, நாங்களே லாண்டரி ரூமை முடிவு பண்ணிக்கிட்டோம்.

எங்க ஊர்ல இருந்து வடக்க, வுட்ஃபோர்டு கவுண்டில ரோனோக்னு ஒரு சின்ன ஊர். 2004 ஜூலை 13ல அங்க பார்சன்ஸ்ங்கற தொழிற்சாலைய எஃப்4 டோர்னடோ தரைமட்டமாக்குச்சு. உள்ள சுமார் 150 பேர் வேலை பாத்துட்டு இருந்தாங்க. ஒருத்தரும் சாகல. ஓனர் பாப் பார்சன்ஸ் கட்டடம் கட்டும்போதே பாத்ரூமையெல்லாம் கம்பி போட்ட கான்கிரீட்ல ஷெல்ட்டரா கட்டி வச்சிருந்தார், எல்லாரையும் அங்க போக பழக்கியும் வச்சிருந்தார், வார்னிங் வந்ததும் போயிட்டாங்க. எந்த கடைக்கோ ஆபீஸுக்கோ போனாலும் பாத்ரூம் எந்தப் பக்கம்னு நான் முதல்ல பாத்து வச்சுக்கறது இதை படிச்ச பிறகுதான்.

கார்ல இருக்கும்போது வந்தா பாலத்துக்கு அடில நிறுத்தாதீங்க, அங்க காத்து இன்னும் பிச்சு எடுக்கும். பக்கத்துல இருக்கற பெட்ரோல் பங்க், கடை, எதுக்குள்ளயாவது போயிடுங்க. ரோட்டுல தண்ணி ஓடினா திரும்பிடுங்க, ஒரு அடி தண்ணி சின்ன காரை தள்ளிடும், ரெண்டு அடி பெரிய வண்டியையும் தள்ளும்.

ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருந்தா

இதை யாரும் எழுதி நான் பாக்கல, அதான் கொஞ்சம் நீட்டி எழுதறேன். நம்ம பெரியவங்க விசிட்டர் விசால வர்றது மே ஜூன்லதான், சரியா இந்த சீசன்ல. பகல்ல நாம ஆபீஸ்ல, பிள்ளைங்க கேம்ப்ல, அவங்க மட்டும் வீட்டுல. அவங்க போன்ல ஊர் சிம்மோ இல்ல வெறும் வைஃபையோதான் இருக்கும், அலர்ட் வரும்னு நம்பி இருக்காதீங்க, வந்தாலும் இங்கிலீஷ்ல கத்தற ஒரு பாக்ஸ் என்னன்னு புரியாம ஓகே தட்டி மூடிடுவாங்க. அதுல மழை வந்தா வாசல்ல சேர் போட்டு உக்காந்து பாக்கற பழக்கம் வேற. எங்க அப்பா முதல் தடவை இடி கேட்டதும் டெக்குக்கு போய் "என்னடா மழை இப்படி வாசனையே இல்லாம பெய்யுது"ன்னு நின்னுட்டு இருந்தார், பின்னாடி மின்னல் வெட்டிட்டு இருக்கு. இடி காதுல விழுந்தாலே மின்னல் எட்டற தூரத்துலதான் இருக்கோம், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிச்சுதான் வெளிய போகணும்.

அதனால ரெண்டு காரியம் செஞ்சோம். ஒரு லோக்கல் சிம் வாங்கி அப்பா போன்ல போட்டோம். அப்புறம் தமிழ்ல பெரிய எழுத்துல எழுதி ஹால்ல ஒட்டினோம்: "போன் இல்ல ரேடியோ கத்தினா: 1. அடுப்பை அணை 2. மாத்திரை டப்பா எடு 3. செருப்பு போடு 4. கீழ போ 5. அப்புறம் எனக்கு போன் பண்ணு." அஞ்சாவதுதான் அவங்களுக்கு கஷ்டம், முதல்ல நமக்கு போன் பண்ணி "போகட்டுமாப்பா"ன்னு கேக்கத்தான் தோணும். அதனால அவங்களை ஒரு தடவை நிஜமாவே நடக்க வச்சு பாருங்க. எங்க அம்மாவுக்கு முட்டி வலி, பேஸ்மென்ட் படி இறங்க ஒண்ணரை நிமிஷம் ஆச்சு, கைப்பிடி ஒரு பக்கம்தான் இருந்துச்சு, மறுநாளே இன்னொரு பக்கமும் போட்டோம், கீழ உக்கார ஒரு பிளாஸ்டிக் சேரும். அம்மாவுக்கு வாட்ச் வந்தாலே கீழ போயிடணும்னு சொல்லி வச்சிருக்கோம். சுகர்க்காரங்களா இருந்தா இன்சுலினுக்கு ஒரு சின்ன ஐஸ் பாக்ஸ் தனியா ரெடியா இருக்கட்டும்.

கரண்ட், தண்ணி, இன்சூரன்ஸ்

கரண்ட் போனா ஃப்ரிட்ஜை திறக்காம இருந்தா நாலு மணி நேரம் தாங்கும், நிறைஞ்ச ஃப்ரீசர் 48 மணி நேரம். மாவு, தயிர், பால், மீன் குழம்பு எதுவா இருந்தாலும் அதுக்கு மேல சந்தேகம்னா கொட்டிடுங்க. ஜெனரேட்டர் இருந்தா வீட்டுல இருந்து 20 அடி தள்ளி வைங்க, கராஜ்ல கதவை திறந்து வச்சாலும் ஓட்டக் கூடாது, அந்தப் புகைல இருக்கற கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயுவுக்கு வாசனையே இல்ல, புயல்ல பிழைச்சு புகைல போனவங்க இருக்காங்க. ரோட்டுல வயர் அறுந்து கிடந்தா அது செத்த வயர்னு யாராவது சொன்னாலும் கிட்ட போகாதீங்க.

பேஸ்மென்ட் இருக்கற வீட்டுல தரைல ஒரு குழி, அதுக்குள்ள ஒரு பம்ப் இருக்கும். மழை நேரத்துல அது "உர்ர்"னு ஓடி நிக்கும், ஓடி நிக்கும். கரண்ட் போனா அந்த சத்தம் நின்னுடும், மேல மழை சத்தம் மட்டும் கேக்கும், அரை மணி நேரத்துல கார்பெட் ஓரம் இருட்டா நிறம் மாற ஆரம்பிக்கும். பேட்டரி பேக்கப் போட்டுடுங்க, எங்களுக்கு இது ஒரு ஜூலைல பழைய ஆல்பங்களை பலி குடுத்துதான் புரிஞ்சுது.

வீட்டு இன்சூரன்ஸ் வெளில இருந்து வர்ற வெள்ளத்தை கவர் பண்ணாது, அதுக்கு தனி ஃபிளட் பாலிசி, அரசாங்க திட்டத்துல வாங்கினா பொதுவா 30 நாள் கழிச்சுதான் அமலுக்கு வரும், மேகம் கறுத்த பிறகு வாங்கி பிரயோஜனம் இல்ல. கழிவுநீர்க் குழாய் வழியா தண்ணி எதிர்த்து வர்றதுக்கு ஒரு கூடுதல் கவர் இருக்கு, ஏஜென்ட்கிட்ட அதை குறிப்பா கேளுங்க. ஆலங்கட்டிக்கு டிடக்டிபிள் சதவீதத்துல இருக்கான்னு பாருங்க, 3,50,000 டாலர் வீட்டுக்கு 1 சதவீதம்னா முதல் 3,500 டாலர் உங்க கை. கார்ல காம்ப்ரிஹென்சிவ் இருந்தாதான் ஆலங்கட்டி குழிக்கு பணம் வரும். வாடகை வீடா இருந்தா ரென்டர்ஸ் பாலிசி.

ஆலங்கட்டி பெஞ்ச மறுநாளே கதவைத் தட்டி "உங்க கூரை போச்சு, இங்க ஒரு கையெழுத்து போடுங்க, மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்"னு ஆளுங்க வருவாங்க. அன்னிக்கே கையெழுத்து போடாதீங்க. எனக்கு தெரிஞ்ச ஒரு குடும்பம் போட்டுட்டு அந்த கான்ட்ராக்ட்ல இருந்து வெளிய வர மூணு மாசம் அலைஞ்சாங்க, பாதி பிரிச்ச கூரைமேல நீலத் தார்ப்பாய் போட்டுட்டு. முதல்ல போட்டோ எடுங்க, உங்க இன்சூரன்ஸை கூப்பிடுங்க, ஊர்லயே பல வருஷம் இருக்கற ரெண்டு மூணு பேர்கிட்ட விலை கேளுங்க.

கடைசியா, ஊருக்கு ஒரு மெசேஜ்

இங்க சம்மர்ல சாயங்காலம் ஆறு மணின்னா ஊர்ல மறுநாள் விடியக்காலம் நாலரை. புயல் அடிச்சு நீங்க கரண்ட் இல்லாம இருட்டுல உக்காந்திருக்கற நேரத்துக்கு அவங்க எழுந்து டிவிய போடுவாங்க, "அமெரிக்காவை புரட்டிப் போட்ட சூறாவளி"ன்னு ஓடும், அது எட்டு மாநிலம் தள்ளி நடந்ததா இருந்தாலும் அவங்களுக்கு அமெரிக்கா ஒண்ணுதான். அப்ப உங்களுக்கு போன் போகலைன்னா அவங்க படற பாடு கொஞ்சமில்ல. அதனால வாட்ச் போட்ட உடனே, டவரும் சார்ஜும் இருக்கும்போதே குடும்ப குரூப்ல நான் போட்டுடுவேன்: "இன்னிக்கு இங்க புயல் வரலாம். நாங்க வீட்டுலதான் இருக்கோம். போன் எடுக்கலைன்னா சார்ஜ் இல்லன்னு அர்த்தம், காலைல நானே பண்றேன்." அதுக்கு எங்க மாமியார் அனுப்பற பதில் எப்பவும் ஒண்ணுதான்.

"சரிம்மா. பிள்ளைங்களுக்கு சாப்பாடு குடுத்துட்டு கீழ போங்க."

இப்பல்லாம் வாட்ச் வந்தா ஆறு மணிக்கே சாப்பாட்டை முடிச்சுடறோம்.